ஒன்பதாயிரத்துப் பத்தாம் கதவு

மூன்றாம் மாடி மருமகளுக்குக் குடியிருப்பில் வைத்த பெயர் கோட்டம்மா. காலையிலிருந்து மாலைவரை மடிக்கணினியில் ஏறி இறங்கும் கோடுகளை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது எதிர்ப் பால்கனிக்கு அத்துப்படி. கோடு பார்க்கக்கூடச் சம்பளமா என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. சம்பளம்தான். அந்தக் கோடு ஒழுங்காகத் தெரியாவிட்டால் அவள் பெட்டி கட்ட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

கணவனுக்கு இந்த ஊருக்கு மாற்றல். அவள் அலுவலகமோ ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். பதினோரு நூலகங்கள் புத்தகம் கொடுத்து வாங்கும் ஜாவா மென்பொருள் அந்த அலுவலகத்தின் சர்வரில் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறதென்று வீட்டிலிருந்தே கண்காணிப்பேன் என்று அவள் வாய் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை இங்கே வந்து உட்காருங்கள் என்றார் மேலாளர். உட்கார்ந்தால் வாரத்தில் ஐந்து நாள் விடுதிச் சாப்பாடு. ஏழு வயது மகள் இங்கே, அம்மா அங்கே.

ஜாவா நிரலைத் தாங்கி ஓட்டுவது ஜேவிஎம். அதைக் கிளப்பும்போதே நாலு வரி சொல்லிக் கிளப்ப வேண்டும்: இந்த எண் கதவுக்கு, அதாவது போர்ட்டுக்கு, உன் நலம் விசாரிக்க வருவார்கள், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடு, இவ்வளவுக்கு மேல் நினைவகம் எடுக்காதே. தன் மடிக்கணினியில் ஓடும் சோதனைப் பிரதியில் அவள் அந்த வரிகளை எழுதிப் பார்த்தாள். கச்சிதமாக வந்தது. அதே கோப்பை அப்படியே சர்வர் அறைக்காரருக்கு அனுப்பிவைத்தாள்.

அவருக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். வெளியிலிருந்து யார் கேட்டாலும் ஒரு கதவும் திறக்கமாட்டார். இவளுக்காக மனமிரங்கி ஒரு சுரங்கப் பாதைக்கு மட்டும் சம்மதித்தார்: இவள் தன் கணினியின் 9010ஆம் கதவைத் தட்டினால், சுரங்கத்தின் மறுமுனையில் சர்வரின் 9010 திறக்கும். திங்கள் மாலை நூலகங்கள் மூடியதும் புதுக் கோப்போடு சர்வரை மீண்டும் கிளப்பினார். இவள் தட்டினாள். திறந்தது. நினைவகம் எவ்வளவு செலவாகிறதென்று காட்டும் அழகான கோடு.

செவ்வாய்க்கிழமை, மென்பொருள் ஆமையாக நகர்கிறதென்று நூலகங்களிலிருந்து புகார் வரத் தொடங்கியது. இவள் நெட்வொர்க்காரர்மேல் சந்தேகப்பட்டாள். அவர் டேட்டாபேஸ்காரரைக் கைகாட்டினார். வெள்ளி காலை பூட்டு தொலைபேசினார்.

"உங்க கோடு எப்படி இருக்கு மேடம்?"

"தூங்குற குழந்தை மாதிரி இருக்கு சார்."

"இங்க ஒரு புத்தகம் கொடுக்க அஞ்சு நிமிஷம் ஆகுதாம். குழந்தை தூங்குதா, மயக்கம் போட்டிருக்கான்னு நல்லா பாருங்க."

அதே அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு வேறு கவலை. அண்ணியின் கணினி மிக்ஸி மாதிரி இரைவதாக மூன்றாம் முறையாக முறையிட்டாள். சரி, தேவையில்லாததை மூடுவோம் என்று கோட்டம்மா சோதனைப் பிரதியை நிறுத்தினாள்.

கோடு அறுந்தது.

சர்வரே போய்விட்டது என்று பதறிப் பூட்டைக் கூப்பிட்டால், நொண்டிக்கொண்டாவது ஓடத்தான் செய்கிறது என்றார் அவர். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் சுரங்கம் ஓடும் கறுப்பு ஜன்னலை மேலே தள்ளிப் பார்த்தாள். திங்கட்கிழமை வந்த ஒற்றை வரி, யாரும் படிக்காமல் கிடந்தது: 9010ஆம் கதவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, எனக்கு இடமில்லை. இருந்த ஆள் அவளுடைய சோதனைப் பிரதிதான். ஒரே கோப்பு என்பதால் கடவுச்சொல்லும் ஒன்றே. தட்டியவளை அதுவே வாங்க வாங்க என்று உள்ளே விட்டிருக்கிறது.

"அப்போ நாலு நாளா உங்க நாடியை நீங்களே புடிச்சுப் பார்த்துட்டிருந்தீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

அண்ணி சுரங்கத்தை மறுபடி தோண்டினாள். இப்போது கதவு காலி. சர்வரின் அசல் கோடு வந்தது. வந்த கோடு உச்சவரம்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நினைவகம் நிரம்பி வழிய, பயன் முடிந்ததைத் தேடிக் குப்பை அள்ளும் வேலை ஓயாமல் நடந்தது. அது அள்ளும்போதெல்லாம் மற்ற வேலைகள் கைகட்டி நின்றன. வரம்பு எவ்வளவு என்று பார்த்தாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி. மடிக்கணினிக்கு மூச்சு முட்டக் கூடாதென்று அவளே எழுதிய எண். பதினாறு ஜிபி வைத்திருந்த சர்வருக்குக் குழந்தைச் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள்.

இது இன்னும் யாருக்கும் தெரியாது. பூட்டிடம் பூசி மெழுகி எண்ணை மாற்றச் சொல்லியிருக்கலாம்; பழி போட நெட்வொர்க்காரர் தலை ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது. எதிர்ப் பால்கனியாக இருந்தால் அதைத்தான் செய்திருக்கும். கோட்டம்மா ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலாளரையே கூப்பிட்டு, கோப்பு, கதவு, எண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

மேலாளர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க நலம் விசாரிக்க வந்துதான் அதுக்கு நோயே வந்திருக்கு."

"ஆமா சார்."

"இங்கயே உட்கார்ந்திருந்தாலும் இதே ஃபைலத்தானே கொடுத்திருப்பீங்க?"

அவள் யோசித்தாள். "ஆமா சார்."

"அப்புறம் எதுக்குத் திங்கட்கிழமை பஸ் ஏறணும்? ஒரு மாசம் அங்கிருந்தே பாருங்க. யாரோட கோட்டைப் பார்க்கறோம்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க."

மதிய இடைவேளையில் பூட்டு எண்ணை மாற்றிச் சர்வரைக் கிளப்பினார். கோடு கீழிறங்கி, நிதானமாக ஏறி இறங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் நாத்தனார் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் திரைக்கு மேல் ஒட்டினாள்: இது யார் வீட்டுக் கோடு? அதற்கு என்ன அர்த்தம் என்று எதிர்ப் பால்கனியில் இன்னும் முடிவாகவில்லை.