பல்லழகி கேட்ட கேள்வி

பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பல்லழகி என்று பெயர். சிரித்தால் வரிசை தப்பாத வெள்ளைப் பற்கள் தெரியும். "உன் வாயையே மாடலா வெச்சு செட் பண்ணிடலாம் போல" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மேல் வரிசையில் நடு இரண்டும் பொய்ப்பற்கள் என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். லேபை நடத்தும் டாக்டரம்மாதான் அவளுக்கு அளவெடுத்தவர். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் ஆகியும் கணவனுக்குக்கூடத் தெரியாது. தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பற்கள் பதித்த பிளேட்டைக் கழற்றுவாள், துலக்குவாள், மாட்டிக்கொண்டு வெளியே வருவாள்.

அம்மா இறந்த பிறகு அவளுக்கு வேலையில் கை நிற்கவில்லை. மெழுகில் பல் அடுக்கும்போது விரல் நடுங்கியது. ஒரே வாரத்தில் மூன்று செட் பாழாயிற்று. டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உள்ள எதையோ போட்டு அமுக்கி வெச்சிருக்கே. எங்கிட்ட சொல்ல வேண்டாம். எழுதிப் பாரேன். லைப்ரரில சனிக்கிழமை ஒரு வகுப்பு நடக்குது, எங்க அண்ணி போயிட்டு வந்து நல்லாத் தூங்குறாங்க."

நூலகத்தின் மாடியறையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு எடுத்த அம்மாளை எல்லோரும் டீச்சர் என்றார்கள். கல்லூரியில் பாடம் நடத்தியவர், இரண்டு கட்டுரைப் புத்தகங்கள் போட்டவர். மெல்லிய குரல், பேசும்போது எதிரே இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"உங்களுக்கு நடந்ததை உங்க வார்த்தையில எழுதுங்க. அழகா எழுத வேண்டாம், பொய் இல்லாம எழுதினாப் போதும். இந்த ரூமுக்குள்ள சொன்னது இந்த ரூமைத் தாண்டாது."

முதல் ஐந்து வாரம் அவள் பேருந்து நெரிசலையும் மழையையும் எழுதி ஒப்பேற்றினாள். ஆறாவது வாரம், எப்படி வந்தது என்று தெரியாமல் வந்துவிட்டது. அவளுக்குப் பதினொரு வயது, தங்கைக்கு நான்கு. அம்மா பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர் நிரம்பிய தரைத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அவள் துணி உலர்த்திவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒன்பது வருடம் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. 'இந்தா', 'ஏய்', அவ்வளவுதான். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் தன் பெயரைக் காதால் கேட்பதற்காக, காய்ச்சல் அடித்தாலும் விடுப்பு எடுக்காமல் போனாள்.

வகுப்பில் அதைப் படித்து முடித்தாள். டீச்சர் எழுந்து வந்து கட்டிப்பிடித்து அழுதார். "இதை எங்கிட்ட குடு. திருத்தித் தர்றேன்" என்று தாள்களை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் லேபில் அவள் கை நடுங்கவில்லை.

தாள்கள் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "இன்னும் முடிக்கலம்மா" என்ற பதில்தான் வந்தது. நான்கு மாதம் கழித்து, டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஒரு செட்டைக் கொண்டுபோனவள், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் கிடந்த வார இதழைச் சும்மா புரட்டினாள். தரைத் தொட்டி. நான்கு வயதுத் தங்கை. ஒன்பது வருடம். வருகைப் பதிவு. மேலே டீச்சரின் புகைப்படம், கீழே டீச்சரின் பெயர். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒருவர், "அதைப் படிச்சீங்களா? பாவம், அந்தம்மா சின்ன வயசுல என்ன பாடு பட்டிருக்காங்க" என்றார்.

அவளுக்குத் தலை முதல் கால் வரை கொதித்தது. அன்று சனிக்கிழமை. நேரே நூலகத்துக்குப் போனாள்.

டீச்சர் பதறவில்லை. "உக்காரு. வலி எல்லாருக்கும் பொதுதானே? உன்னோடது வெறும் புலம்பலா இருந்துச்சு, நான் அதுக்கு உருவம் குடுத்தேன். ஆயிரக்கணக்கான பேர் படிச்சு அழுறாங்க. நீ சந்தோஷப்படணும்."

"செத்தது என் தங்கச்சி டீச்சர்."

"யார்கிட்ட போய்ச் சொல்லுவே? நான் முப்பது வருஷமா எழுதுறேன். நீ பல்லு செய்யற. யாரு நம்புவாங்க, நீயே சொல்லு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பல் வேலை செய்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, எதிரில் இருப்பவரின் கண்ணைவிட வாயைத்தான் அதிகம் பார்ப்பாள். டீச்சரின் மேல் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. விளிம்பில் டீக்கறை. எந்த லேபும் அப்படிக் கோணலாகச் செய்து கொடுக்காது. அத்தனையும் சொந்தப் பல்.

அங்கேயே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பினாள்.

"டீச்சர், நான்தான் அவசரப்பட்டு வார்த்தையை விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"கோபம் வந்தா நல்லதும்மா. அதையும் எழுதிடு."

டீச்சரின் புதிய புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. வார இதழில் வந்த கட்டுரைக்குக் கிடைத்த பெயரால் பதிப்பாளர் இன்னும் அது போல ஒன்று கேட்கிறார் என்று அவரே வகுப்பில் பெருமையாகச் சொன்னார். பல்லழகி வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தாள்.

டீச்சருக்குத் தூண்டிலில் குத்தும் புழுவாக எழுதத் தொடங்கியதுதான். தங்கையை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம். கொல்லைக் குழாயடி. 'நான் குழாயின் மேல் விழுந்தேன்' என்று எழுதினாள். பல் போனதைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் முப்பது வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம் அது, டாக்டரம்மாவிடம்கூட அப்படித்தான் சொல்லியிருந்தாள். பேனா நின்றது. கொஞ்ச நேரம் வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடித்துவிட்டு, 'அம்மா என் பின்னந்தலையைப் பிடித்துக் குழாயில் மோதினாள்' என்று எழுதினாள். எழுதியதும் ஓவென்று அழுகை வந்தது. அம்மா செத்ததற்கு வராத அழுகை.

இதைப் போய் அந்தத் திருடியிடம் கொடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தாள். பொய்யாக எதையாவது எழுதிக் கொடுக்கலாம். ஆனால் டீச்சருக்குப் பொய்யின் வாசனை தெரியும், அவர் கை நீட்டுவது உண்மைக்குத்தான். கடைசியில் அவள் அதையே கொடுப்பது என்று முடிவு செய்தாள். பல்லை எடுத்துவிட்டால் கட்டுரையே இல்லை என்கிற மாதிரி, வரிக்கு வரி பல்லைப் பதித்தாள். பிளேட், கம்பிக் கொக்கி, சாத்திய கதவு, ஒன்றுமறியாத கணவன். திருமணமாகாத டீச்சர் கணவனை மட்டும் தோழியாக மாற்றிக்கொள்வார் என்று கணக்குப் போட்டாள். கொடுக்கும் முன் நகல் எடுத்து, டாக்டரம்மாவிடம் காட்டி, ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா படித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "அவங்க திருடலேன்னா?"

"திருடலேன்னா அவங்க நல்லவங்க. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

வெளியீட்டு விழா நூலகத்தின் கீழ்க்கூடத்தில் மாலை நான்கு மணிக்கு. அவள் முன்னதாகவே போய் ஒரு பிரதி வாங்கி, நின்றபடியே புரட்டினாள். கடைசிக் கட்டுரை. 'கழற்றி வைக்கும் சிரிப்பு.' தலைப்பைக்கூட மாற்றவில்லை. கணவன் தோழியாகியிருந்தான். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பசித்தவளுக்கு எதிரே இலை போட்ட மாதிரி இருந்தது.

லிப்ட் பழுது பார்க்கும் கணவன் வேலை உடுப்போடு நேரே வந்திருந்தான். வர வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவன் மூன்றாம் வரிசையிலும் டாக்டரம்மா அவனுக்குப் பின்னாலும் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் மேடையில் அந்தக் கட்டுரையை வாசித்தார். இடம் பார்த்துக் குரலை இறக்கினார், இடம் பார்த்து நிறுத்தினார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பதிப்பாளர் மைக்கை வாங்கி, யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார். பல்லழகி எழுந்தாள்.

"டீச்சர், நான் பல் செட் செய்யறவ. ஒரே ஒரு சந்தேகம். அம்மா குழாயில மோதினதுல உங்களுக்குப் போனது எந்தப் பல்லு?"

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "இது அதுக்கான இடம் இல்லம்மா."

"மேல் வரிசை, நடு ரெண்டுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. இப்ப நீங்க பேசும்போது பார்த்தேன். ஒரு பல்லு இன்னொண்ணு மேல ஏறியிருக்கு. அப்படி எந்த லேப்ல செஞ்சு குடுத்தாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சுதாரித்துக்கொண்டார். "அப்புறமா நிரந்தரமா பதிச்சுக்கிட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அப்ப நூற்றிநாலாம் பக்கத்தைப் படிங்க. 'இன்றும் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கழற்றுகிறேன்.' இன்றும்னா இன்னைக்கும்தானே? இன்னைக்குக் காலையில எதைக் கழட்டினீங்க?"

டீச்சரின் கை தானாக வாய்க்குப் போயிற்று.

அப்போது பல்லழகி வாய்க்குள் விரலை விட்டாள். கொக்கி விடுபடும் சின்னச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. ரோஸ் நிற பிளேட்டில் இரண்டு பற்கள், எச்சில் மினுங்க, விரல் நுனியில் தூக்கிப் பிடித்தாள். முன்வாயில் கறுப்பாக ஓட்டை. பேச்சில் காற்று கலந்தது. வார்த்தைகள் குழறின. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இது என்னோடது. தொட்டியில விழுந்தது என் தங்கச்சி. மோதினது எங்க அம்மா. எழுதினது நான். உங்களோடது எங்க டீச்சர்? கழட்டிக் காட்டுங்க."

டாக்டரம்மா எழுந்து, கையெழுத்துப் போட்ட நகல்களைப் பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "அந்த பிளேட்டுக்கு அளவெடுத்தது நான்தான்." பதிப்பாளர் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அவர் படியில் தடுக்கிச் சமாளித்ததை, நின்ற இடத்திலிருந்து அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தடுக்கியிருக்கலாம் என்று தோன்றியது.

பேருந்து நிறுத்தத்தில் கணவன் செருப்பைப் பார்த்தபடி கேட்டான்.

"கழட்டும்போது வலிக்குமா?"

"இல்ல."

"பதிமூணு வருஷமா காலையில கதவைச் சாத்திக்குவே. உள்ள உக்காந்து அழறேன்னு நெனைச்சேன். கேட்டா இன்னும் அழுவியோன்னு கேக்கல."

"பல்லு துலக்கிட்டிருந்தேன்" என்றாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. பிளேட் இன்னும் கைக்குட்டையில்தான் இருந்தது. அவள் வாயை மூடாமலே சிரித்தாள். அவன் பார்த்தான், முகத்தைத் திருப்பவில்லை.

பதிப்பாளர் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார். வார இதழ் வருத்தம் தெரிவித்து, முதல் கட்டுரையை அவள் பெயரிலேயே மறுபடி போட்டது. நூலக வகுப்பு நின்றது. இரண்டு மாதம் கழித்து டீச்சர் லேபுக்கே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"யாரும் என் போனை எடுக்கறதில்ல. உன் சம்மதத்தோடதான் எழுதினேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. காலமெல்லாம் மறக்க மாட்டேன்."

அவள் செட்டை மெருகேற்றும் மெஷினை நிறுத்தவில்லை. "மாட்டேன்."

"உனக்கு மனசே இல்லையா?"

"இருக்கு. அங்க உங்களுக்கு இடம் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி கண்ணுல விழும்."

டீச்சர் போன பிறகு பாவம் என்று தோன்றுமோ என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். தோன்றவில்லை. நன்றாகப் பசித்தது. கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வார இதழின் ஆசிரியர் அவளிடம் இன்னொரு கட்டுரை கேட்டார். குழாயடியைப் பற்றியும் விழாவைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். அவர் போன் செய்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா கடைசியில அம்மாவையும் அந்த டீச்சரையும் மன்னிக்கிற மாதிரி ஒரு பாரா இருந்தா வாசகருக்கு நிறைவா இருக்கும்."

"வாசகருக்கு இருக்கும் சார். எனக்கு இப்பவே நிறைவாத்தான் இருக்கு."

மறுமுனையில் அவர் சரி என்றார். பிறகு ஒரு வரிகூடக் கூட்டாமல் அப்படியே போட்டார்.