முதல் பாகம்கூடப் பார்க்காதவள்

ககனன் மூன்றாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிந்து விளக்கைப் போட்டபோது, லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி தன் இருக்கைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை உடனே யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையிலா இருந்தார்கள்? பதினோரு வருடமாக மூன்று படத்துக்காகக் காத்துக் கிடந்த ஜனம் அது. கடைசிக் காட்சியில் தங்கள் தலைவன் மொட்டைமாடியில் நின்று, "எனக்கு அலுத்துப்போச்சு" என்று சொல்லி, மேலங்கியைக் கழற்றிக் கைப்பிடிச்சுவரில் போட்டுவிட்டு, சக்தியெல்லாம் ஒரு வெளிச்சமாக உடம்பை விட்டுப் போன பிறகு, படிக்கட்டில் இறங்கி வீட்டுக்குப் போவதைப் பார்த்தால் எப்படிச் சும்மா இருக்கும்? கிரகங்களையே கையால் தள்ளி வைத்தவனுக்கு அலுப்பாம். அதுவும் படிக்கட்டில்! லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது இந்த இடத்தில்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருப்பதை முதல் பாகத்திலேயே காட்டியிருந்தார்கள். அன்றைக்கு அரங்கத்தில் கிளம்பிய கோபத்தின் சூட்டில் கேன்டீனில் மூட்டையாக வைத்திருந்த சோளம் தானாகவே பொரிந்தது. கேன்டீன்காரர் அதைப் பொட்டலம் கட்டி வழக்கமான விலைக்கே விற்றார். எரிவாயு மிச்சமாயிற்றே என்று ஒரு காசு குறைக்கவில்லை.

கூட்டம் வெளியே போய் போஸ்டர்களைக் கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில், அரங்கத்தைப் பெருக்குகிறவர் வந்து துடைப்பக் கட்டையால் அவள் முழங்கையைத் தட்டி, "அம்மா, படம் முடிஞ்சுபோச்சு, இறங்குங்க" என்றார். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடிகாலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, மீந்துபோன ஒரு டிக்கெட்டை வீணாக்கக் கூடாதென்று புருஷன் கூப்பிட்டதால் வந்தவள். பெயர் ஓடும்போதே கண் செருகிவிட்டது. எழுந்து செருப்பைத் துழாவினாள். செருப்பு தரையில் இருந்தது, கால் தரைக்கு வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இயக்குநரின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி முன்னால் நடந்த புருஷனுக்குப் பின்னால் ஒரு முழ உயரத்திலேயே வீடு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. வாசல் நிலையில் அவள் நெற்றி 'ணங்' என்று இடித்த பிறகுதான் பார்த்தார். பார்த்தவர் நெற்றியையா தடவிக்கொடுத்தார்? "நீயா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்ட விதம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது.

இதில் அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர் ககனன் ரசிகர் மன்றத்தின் செயலாளர். ஒவ்வொரு பாகத்தின் முதல் காட்சிக்கும் தலைவனின் உடையைப் போட்டுக்கொண்டு போனவர், தலைவனின் முத்திரையைத் தோளில் பச்சை குத்திக்கொண்டவர். தவம் கிடந்தது ஒருவர், வரம் வாங்கினது இன்னொருத்தி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவருடைய தங்கை, அதாவது நம் சலவைக்காரியின் நாத்தனார், மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, "எங்கண்ணன் வாயில இருந்ததைப் பிடுங்கித் தின்னுட்டாளே!" என்று ஒப்பாரி வைத்தாள். மன்றத் தலைவரான மருந்துக்கடைக்காரர் கூட்டம் போட்டுத் தெளிவாக விளக்கினார்: மொட்டைமாடியில் தலைவன் விட்ட சக்தி திரையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது, விழித்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கத்திக்கொண்டிருந்தோம், சும்மா கிடந்த ஒரே ஆள் மேல் அது உட்கார்ந்துவிட்டது. இதைக் கேட்டதும் இயக்குநர் மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் பக்கம் திரும்பியது. படம் மோசம் என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், முதல் பாகம்கூடப் பார்க்காதவளுக்குச் சக்தியா? என்ன அநியாயம்! ஒன்று சொல்ல வேண்டும், எவ்வளவு திட்டினாலும் "அண்ணி" என்ற மரியாதையை மட்டும் அவர்கள் விடவில்லை. "அண்ணிக்கு வெக்கமே இல்லையா?" என்றுதான் கேட்டார்கள்.

மறுநாளிலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை. அவள் உட்கார்ந்த இருக்கைக்கு அடிதடி. லிஃப்ட் மெக்கானிக் அந்த இருக்கையைப் பிடித்துக் காட்சிக்குக் காட்சி கண்ணை மூடித் தூங்குவது போல் நடித்தார், வாயைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டார். சுற்றியிருந்த இருக்கைகளிலும் அதே பாசாங்கு. கடைசிக் காட்சி வரும்போது அரங்கம் முழுக்கக் குறட்டைதான், பாதி நிஜம், பாதி நடிப்பு. இப்படியாக, ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காத படம், ஒருத்தரும் பார்க்காமலே, நூறு நாள் அரங்கு நிறைந்து ஓடியது. தயாரிப்பாளர் நன்றி சொல்லிப் புதுப் போஸ்டர் ஒட்டினார். அதையும் கிழித்தார்கள். யார் மேலும் எதுவும் விழவில்லை.

அவளோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் முதல் நாள் அவளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டு, வருகைப்பதிவுக்கு விரல் வைக்க எட்டுகிறதா என்று மட்டும் கேட்டார். எட்டியது. அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரித்துப் போடுவது, பெரிய உருளையில் ஈரத்துணியை நுழைப்பது, மறுபக்கம் ஆவி பறக்க வருவதை மடிப்பது என்று எல்லாம் பழையபடிதான். கூடுதலாக, உயரத்துக் கம்பிகளில் துணி போடுகிற வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். சம்பளத்தைக் கூட்டினார்களா? அது எந்த ஊரில் நடந்திருக்கிறது! வீட்டுக்கு வந்தால் பரண் ஒழிப்பாள், மின்விசிறி துடைப்பாள், பக்கத்து வீட்டில் கேட்டால் பல்பு மாட்டிக் கொடுப்பாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து இதைப் பார்த்த மன்றத்துப் பையன்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். ஒரு நகரத்தையே தாங்கிப் பிடித்த சக்தி, மின்விசிறித் தூசியில் போகிறதே!

ஒரு பூனையையாவது காப்பாற்றக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார்கள். பூனைகள் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் பெயிண்டர், மன்றத்துக்காக உயிரையே கொடுப்பதாகச் சொல்லி, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி நின்று "ஐயோ காப்பாத்துங்க" என்று கத்தினார். ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வந்தவள் சர்ரென்று மேலே போனாள். கீழே கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது, சிலர் அழக்கூடச் செய்தார்கள். அவள் தொட்டி உயரத்துக்குப் போய் அவரை மேலும் கீழும் பார்த்து, "தினமும் சாரத்துல ஏறி இறங்குற ஆளு நீ. ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். அவமானத்தில் அவசரத்துக்கு நிஜமாகவே கால் நடுங்கி, தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கினார்கள்.

அதோடு மன்றத்தின் பொறுமை போயிற்று. அவள் அதே திரைக்கு முன்னால், அதே காட்சி ஓடும்போது, தலைவன் சொன்ன அதே வசனத்தைச் சொல்ல வேண்டும், சொன்னால் சக்தி அவளை விட்டு இறங்கிக் கீழே தயாராக உட்கார்ந்திருக்கும் செயலாளர் மேல் சேரும் என்று தீர்மானம் போட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கெஞ்சினார். "ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டாப் போகுது. உனக்கு எதுக்கு இது?" என்றார். முதல் வாரத்தில் கேட்டிருந்தால், "எடுத்துட்டுப் போங்க, சனியன் விட்டுச்சு" என்று அவளே கொடுத்திருப்பாள். இப்போது மாட்டேன் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். சொல்லும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மன்றத்து அறைக்கே குடிபோனார். நாத்தனார் மட்டும் போகாமல் இருந்துகொண்டு, அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அண்ணியையே திட்டினாள். இரவில் அவள் கட்டிலுக்கு ஒரு முழம் மேலே படுத்து, கீழே காலியாகக் கிடந்த பாதிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனா, காலா என்று அவளை நிறுத்திவிட்டார்கள். புருஷன் வேண்டுமென்றால் தரைக்கு வர வேண்டும்.

அவள் மசியாததால் மன்றம் வைத்த விசாரணை, படம் வந்து வருடம் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரங்கத்திலேயே நடந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து, தலையில் கட்டிய துணித்தொப்பியோடு நேராக வந்தாள். கூட்டம் படிக்கட்டுவரை நின்றது. கேள்விகளைத் தயாரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கட்டின புருஷன். மேடையேறித் தாளைப் பார்த்துப் படித்துக் கேட்டதும் அவர்தான். தலைவனின் முதல் உடைக்கு என்ன நிறம்? தெரியாது. தலைவன் முதலில் காப்பாற்றிய ரயில் எந்தப் பாலத்தில் நின்றது? தெரியாது. வில்லனின் தம்பிக்கு எந்தக் கண் பார்வையில்லை? அவனுக்குத் தம்பி வேறா என்று அவள் கேட்க, பின்வரிசையில் யாரோ செருப்பைத் தூக்கினார்கள். "முதல் பாகமாவது பார்த்தீங்களா அண்ணி?" என்று அவசரம் கத்தினார். "இல்லை" என்றாள். அரங்கம் கொந்தளித்தது. மருந்துக்கடைக்காரர் எல்லோரையும் கையமர்த்தி, தாளில் இல்லாத ஒரு கேள்வியைத் தன் சார்பில் கேட்டார்.

"ஏம்மா, எத்தனை பேர் ஏங்குற சக்தி. ஒரு வருஷமா வெச்சிருக்கே. என்னத்தைச் சாதிச்சே, சொல்லு பார்ப்போம்?"

"முட்டி வலிக்கலைண்ணே" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் தாளிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த முட்டி?" என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றாள். மருந்துக்கடைக்காரர்தான், வாய் சும்மா இருக்காமல், "அட ஆமா, ஆறேழு வருஷமா மாசம் தவறாம நம்மகிட்டதான் தைலம் வாங்கிட்டுப் போவாங்க. வீங்கிப்போய் நிக்க முடியாம நிப்பாங்க. இப்பல்லாம் வர்றதே இல்லை, நான்கூட வேற கடையில வாங்குறாங்களோன்னு..." என்று சொல்லிக்கொண்டே போய், செயலாளரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வருடமாக ஊரே கோபப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தன் பங்குக் கோபம் அன்றைக்கு வந்தது.

"உங்க ஆளு ஒரு தடவை அலுத்துப்போச்சுன்னு சொன்னான். ஊரையே ரெண்டாக்கிட்டீங்க. எனக்குத் தினமும்தான் அலுத்துப்போகுது. நின்னு நின்னு அலுத்துப்போச்சு. மடிச்சு மடிச்சு அலுத்துப்போச்சு. எனக்காக ஒருத்தராவது ஒரு போஸ்டரைக் கிழிச்சீங்களா?"

வசனத்தை அவளாகவே சொல்லிவிட்டாள், ஒரு தடவைக்கு மூன்று தடவையாக, அதே திரைக்கு முன்னால். படம் போடுகிறவருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததும் அவர் கடைசிக் காட்சியை ஓடவிட்டார். பின்னால் தலைவன் மேலங்கியைக் கழற்றினான், வெளிச்சம் கிளம்பியது. ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பாதங்களைப் பார்த்தோம். வெடித்த குதிகால், ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். தரைக்கு வரவில்லை. இன்னும் நாலு விரற்கடை மேலேதான் போயின. தலைவன் பாட்டுக்குப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான், அவனை யாரும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த கட்டடக் காவலாளி மெதுவாகக் குனிந்து தன் காலணியைத் தளர்த்திக்கொண்டார். நாள் முழுக்க நிற்கிற துணிக்கடைப் பெண்கள் இரண்டு பேர் வாய்விட்டு அழுதார்கள். எல்லோரும் மனம் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அவசரம் போன்றவர்கள் இன்றைக்கும் அது செல்லாது, காட்சியைச் சற்று முன்னாலேயே போட்டுவிட்டார்கள் என்றுதான் வாதாடுகிறார்கள். லிஃப்ட் மெக்கானிக் கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு எடுத்துக் கிழித்தார். மேடையிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கியது. யாரும் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பாயோடு வீட்டுக்கு வந்தார். தங்கையை ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டார். மன்னிப்பு கின்னிப்பு என்றெல்லாம் வாய் திறக்கவில்லை, அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அவள் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்து, கீழே கிடக்கும் மேஜைக்கு முதுகை வளைத்துக் குனிந்து குனிந்து எடுத்து ஒரு வருடமாக அவள் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போனவர் செங்கல் கொண்டுவந்தார். மேஜையின் நாலு காலுக்கும் அடுக்கி, ஆட்டம் இருக்கிறதா என்று தொழில்காரர் புத்தியோடு மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஒரு முழமும் நாலு விரற்கடையும் உயர்த்தினார். அவளுக்குச் சரியாக இருந்தது. அவருடைய நாற்காலிக்கு மேஜை எட்டவில்லை, அதனால் நின்றுகொண்டே சாப்பிட்டார். இன்றைக்கும் அப்படித்தான், மூன்று வேளையும். உயர நாற்காலி ஒன்று வாங்கித் தொலைக்கலாமே என்று கேட்டவர்களிடம், வேண்டாம், நின்று பார்க்கிறேன் என்றாராம். இப்போது அவருக்கு முட்டி வலி. மாதம் தவறாமல் அவள்தான் மருந்துக்கடைக்குப் போய் வருகிறாள். தைலம் மேல்தட்டில் இருக்கிறது, கடைக்காரர் ஸ்டூலைத் தேடுவதில்லை, அவளே எடுத்துக்கொள்கிறாள்.