எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்

லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று கேட்டால், மோட்டார் தூக்குகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெட்டிக்கு மறுபக்கம், சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் ஓர் எடைக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டி ஏறினால் அது இறங்கும், பெட்டி இறங்கினால் அது ஏறும். பெட்டியின் எடை, அதோடு பெட்டி சுமக்கக்கூடியதில் ஏறக்குறைய பாதி, இரண்டையும் கூட்டி அந்தக் கட்டைச் செய்திருப்பார்கள். மோட்டாருக்கு மிஞ்சுவது இரண்டு பக்கத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

நகரமன்றக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டு லிஃப்ட்டு அக்கா இதைத்தான் மரக்கடை ஐயாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் மன்ற உறுப்பினர்கள். ஐயா நான்காவது முறையாக வென்றவர், அவள் முதல் முறை.

"அப்போ என்னை மாதிரி ஆள் ரெண்டு பேர் ஏறினா?" என்று தன் தொப்பையைத் தட்டிக் கேட்டார் ஐயா.

"ரெண்டு பேர்னா தாங்கும் ஐயா. நாலு பேர்னா மணி அடிச்சு மானத்தை வாங்கிடும்."

ஐயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கதவு திறக்கும் நேரத்தில் முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஏம்மா, இன்னைக்கு உன் தீர்மானத்தைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கேன். மனசுல வச்சுக்காதே" என்றார்.

"தெரியும் ஐயா. நீங்க முன்னாடி போங்க."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் மன்றத்திலிருந்து ஒரு காசு தொட்டதில்லை, காண்ட்ராக்டர்களிடமும் தொட்டதில்லை. சேவைக்குக் கூலி வாங்குவது அசிங்கம் என்று மனதார நம்புகிறவர். அவளுடைய கஷ்டமும் அங்கேதான் இருந்தது. பொய்யனை எதிர்ப்பது சுலபம்.

தீர்மானம் இதுதான்: மன்ற உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் தர வேண்டும்.

அதுவரை அவர்களுக்குக் கிடைத்ததன் பெயர் மதிப்பூதியம். பெயரில் மதிப்பும் இருந்தது, ஊதியமும் இருந்தது. கையில் வருவதோ பேருந்துக்கும் தேநீருக்கும் சரியாகப் போய்விடும். மன்றமோ வேலைநாட்களில், காலை வெயில் ஏறிய பிறகு கூடும். ஏன் அந்த நேரம்? இந்த மன்றத்தைத் தொடங்கியவர்கள் கடை முதலாளிகள். காலையில் கடையைத் திறந்து, ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, சாவகாசமாக வந்து உட்கார அதுதான் தோதான நேரம். முதலாளிகள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நேரம் மட்டும் அப்படியே இருந்தது. அதனால் மன்றத்தில் யார் உட்கார முடியும்? கடை வைத்திருப்பவர், வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர், ஓய்வுபெற்றவர், பணக்கார மாமனார் வாய்த்தவர். அப்புறம் எப்படியோ தப்பி உள்ளே வந்துவிட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அவளுடைய வார்டில் மருத்துவமனைக்கு எதிரே நடைபாதை உயரமாக இருந்ததால் சக்கர நாற்காலிகள் சாலையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஜெயித்ததும் முதல் வேலையாகச் சரிவுப் பாதை கேட்டாள். சண்டை போட்டாள். இப்போது பாதி தூரம் சரிவு போட்டாகிவிட்டது, மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து அவளுடைய சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"நான் கெட்டவன் இல்லம்மா. ஆனா ஆள் உள்ளே மாட்டிக்கிட்டு கதவை உதைச்சிட்டிருக்கார். மெக்கானிக் எங்கேன்னு கேக்கறாங்க. நடைபாதையைப் பத்திப் பேசப் போயிருக்காங்கன்னு நான் எப்படிச் சொல்றது? வேலையா, மன்றமா, ஒண்ணு சொல்லிடு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று வீட்டில் கணவரும் அவளும் பேசிப் பார்த்தார்கள். அவர் ஓட்டும் பள்ளி வேனின் வருமானத்தை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. தீர்மானம் தோற்றால் மன்றத்தை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பேச்சை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார்தான் கொதித்துப் போனாள். அவளுக்குத் தையல் கடை. நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை.

"மதிப்பூதியமாம்! அந்த மதிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தா வீட்டுக்காரர் வாடகை ரசீது கிழிச்சுத் தருவாரா அண்ணி?"

"அதைத்தான்டி நாளைக்கு மன்றத்துல கேக்கப் போறேன்."

"கேளு. நானும் வர்றேன். மேல பார்வையாளர் மாடத்துல உட்கார்ந்து ஒவ்வொரு மூஞ்சியையும் பாக்கறேன்."

சொன்னபடியே வந்து, மாடத்தின் கம்பியில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள். கீழே அரைவட்டமாக நாற்காலிகள், நடுவில் உயர்ந்த மேசையில் தலைவரம்மா, அவருக்குக் கீழே மன்றச் செயலர். செயலர் சட்டதிட்டங்களைப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளும் மனிதர். காற்புள்ளி தவறினால்கூட முகம் வாடிவிடும்.

இந்த மன்றத்தில் கை தூக்கி வாக்களிக்கும் வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் இருந்ததாம். ஒருநாள் ஒருவர் கொட்டாவி விட்டுக் கைகளை மேலே நீட்டி முறிக்க, அதையும் ஒரு வாக்காக எண்ணிவிட, குப்பை வரி கூடிவிட்டது. ஊரே சிரித்தது. அதிலிருந்து விதியை மாற்றினார்கள்: ஆதரிப்பவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தூக்கத்தில் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள் அல்லவா?

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்பள விஷயத்துக்கு அது பொறி. பத்திரிகைக்காரர்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்குச் சம்பளம் வேண்டும் என்று நாற்காலியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க எவருக்குத் துணிச்சல் வரும்? தேநீர் அறையில் அவளிடம், "வாஸ்தவம்மா, ரொம்ப வாஸ்தவம்" என்று காதைக் கடித்தவர்கள் எல்லோரும் இங்கே விறைப்பாக எழுந்து நிற்கப்போகிறார்கள். அவளுக்கு அது தெரியும்.

எழுந்து பேசினாள்.

"நகரப் பேருந்து ஓட்டுநர் என்ன சம்பளம் வாங்கறாரோ, அதே சம்பளம். அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம். அவருக்கு ஏறினா நமக்கும் ஏறும், அவருக்கு நின்னா நமக்கும் நிக்கும். நம்ம சம்பளத்தை நாமளே ஏத்திக்கிற வேலையே கிடையாது. அந்தக் கயிறு நம்ம கையில இருக்கக் கூடாது."

பின்வரிசையிலிருந்து யாரோ பக்கத்து ஆளிடம், "பஸ் டிரைவர் சம்பளம்தானா? அவ்வளவுதானா?" என்று மனம் உடைந்து முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மாடத்தில் சிரிப்பு எழுந்தது.

"இது உங்களுக்காகத்தானே கொண்டுவர்றீங்க?" என்று கேட்டார் இன்னொருவர். அவருக்கு மன்றத்தில் 'புன்னகை' என்று பெயர். எப்போதும் சிரித்த முகம். மன்றத்திலிருந்து வருவது தேநீர்க் காசுதான் என்றாலும், சாலை போடும் காண்ட்ராக்டரின் காரில்தான் வந்து இறங்குவார், அதே காரில்தான் போவார்.

"ஆமாங்க, எனக்காகவும்தான்" என்றாள் அவள். "எனக்கு இது இல்லேன்னா நான் இங்கே இல்லை. எனக்கு அப்புறம் வர நினைக்கிற நர்ஸுக்காகவும், கொத்தனாருக்காகவும்தான். ஒண்ணு மட்டும் சொல்றேன். எடைக்கட்டு இல்லாத ஒரு லிஃப்ட் மேல் மாடியில நின்னுட்டிருந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? உள்ளே போகமாட்டேன். அதை யாரோ பிடிச்சிட்டிருக்காங்க, யாருன்னு பாருங்கன்னு சொல்வேன். சம்பளம் இல்லாம ஒரு உறுப்பினர் வருஷக்கணக்கா இங்கே உட்கார்ந்திருந்தா, ஊரும் அதைத்தான் கேக்கணும். சொந்தச் சொத்து பிடிச்சிட்டிருந்தா சரி. வேற யாராவது பிடிச்சிட்டிருந்தா?"

புன்னகை முதல் முறையாகச் சிரிக்காமல் இருந்தார்.

அப்புறம் மரக்கடை ஐயா எழுந்தார். அவர் எழுந்தாலே மன்றம் நிமிர்ந்து உட்காரும். குரல் அப்படி. கடையில் மரம் பேரம் படிந்ததும் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "எழுதிக்கோ!" என்று கணக்குப்பிள்ளையிடம் கத்துவாராம். அதற்குப் பிறகு விலை மாறாது. அந்த மரத்தைக் கரையான் தின்றாலும் பேச்சு மாறாது.

"சேவைக்கு விலை வைக்காதீங்க!" என்று தொடங்கினார். "ராத்திரி சாக்கடை அடைச்சா என் வீட்டுக் கதவைத் தட்டறாங்க. நான் போறேன். அதுக்கு மணிக்கு இவ்வளவுன்னு நான் கேக்கணுமா? நாளைக்கு என்னைப் பார்த்து, சம்பளம் வாங்கறே இல்ல, செய்னு சொல்வாங்க. இன்னைக்கு ஐயான்னு சொல்றாங்க!"

மேசைகள் தடதடவென்று தட்டப்பட்டன. புன்னகைதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். முடிந்தது என்று நினைத்தாள் அக்கா. சரிவுப் பாதையின் பாதி தூரத்தில் தட்டென்று நின்றுபோகும் சக்கர நாற்காலி ஒன்று மனதில் தோன்றியது. விடைபெறும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தாள்.

தட்டல் சத்தம் ஐயாவை இன்னும் ஏற்றிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"இந்தச் சம்பளம் வந்தாலும் எனக்கு வேண்டாம்! எனக்கு மட்டுமில்ல, இதை எதிர்த்து எழுந்து நிக்கிற எந்த மானஸ்தனுக்கும் இதுல ஒரு காசு வேண்டாம்!" மேசையில் ஓங்கி ஒரு தட்டு. "எழுதிக்கோ!"

கடைப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் கணக்குப்பிள்ளை அல்ல, மன்றச் செயலர். அவர் பேனாவை எடுத்தார்.

இங்கே விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினர் பேசும்போது எழுதிக்கொள்ளச் சொன்னால், அது திருத்தமாகக் கொள்ளப்படும். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் தனி வாக்கெடுப்பு கிடையாது. அது அப்படியே தீர்மானத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த விதியைப் பயன்படுத்தி யாரும் யாருடைய திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டதாகச் செயலருக்கு நினைவில்லை. அதற்குத்தான் இங்கே எல்லோருக்கும் கௌரவம் குறுக்கே நிற்குமே.

அக்காவின் மூளையில் ஏதோ ஒன்று பல்சக்கரம் போலக் கடக்கென்று பொருந்தியது. நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"ஐயாவோட திருத்தத்தை ஏத்துக்கறேன்!"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"என்ன திருத்தம்?" என்றார் ஐயா.

செயலர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ருசித்துப் படித்தார். "இத்தீர்மானத்தை எதிர்த்து எழுந்து நிற்கும் உறுப்பினர் எவருக்கும், அவரது பதவிக்காலம் முழுவதும், இச்சம்பளம் வழங்கப்படமாட்டாது. மாண்புமிகு உறுப்பினரின் திருத்தம். கொண்டுவந்தவர் ஏற்றுக்கொண்டார். சேர்க்கப்பட்டது."

மாடத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மாடியோவ்!" நாத்தனார்தான். தலைவரம்மா சுத்தியலைத் தட்டினார். ஆனால் அவர் உதட்டோரமும் துடித்தது.

"வாக்கெடுப்பு" என்றார் தலைவரம்மா. "ஆதரிப்பவர்கள் அமர்ந்திருக்கலாம். எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும்."

மரக்கடை ஐயா அந்தக் கணமே எழுந்தார், தேக்கு மரம்போல.

மற்றவர்கள்? புன்னகை பாதி எழுந்தார். முழங்கால் மடங்கிய நிலையிலேயே அப்படியே யோசித்தார். பிறகு கீழே குனிந்து, விழாத ஒரு பேனாவைத் தேடினார். தேடியபடியே உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவர் எழுவதுபோல் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சூடா இருக்கு" என்று யாரிடமோ சொல்லி அமர்ந்தார். மேசை தட்டிய கைகள் எல்லாம் இப்போது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தன. ஓய்வுபெற்ற ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று கால்களை நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டார்.

செயலர் ஒரு முறை பார்த்தார். நிதானமாக இன்னொரு முறையும் பார்த்தார்.

"எதிர்ப்பு, ஒருவர். தீர்மானம் நிறைவேறியது."

மாடத்தில் விசில் பறந்தது. தையல் கடையில் நாத்தனார் அப்படி விசில் அடிக்க எப்போது கற்றாள் என்று தெரியவில்லை. தலைவரம்மா சுத்தியலை எடுத்தார், தட்டாமல் திரும்ப வைத்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேசையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மீதிப் பாதிச் சரிவுப் பாதை அவள் கண்முன் சிமெண்டு ஈரத்தோடு விரிந்தது.

ஐயா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அரைவட்டம் முழுவதையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பல முகங்கள் காகிதங்களில் அவசர வேலை கண்டுபிடித்தன. திடீரென்று அவருடைய தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"என் வாயை வச்சே என்னைக் கட்டிட்டியேம்மா!"

"நீங்க சொன்ன சொல்லுல நின்னீங்க ஐயா. இங்கே நின்ன ஒரே ஆள் நீங்கதான்."

"எழுதிக்கோன்னா எழுதிக்கோதான். எனக்கு ஒரு காசு வேணாம்." குரலைத் தாழ்த்தினார். "என் கடையில மரம் அறுக்கறவன் ஒருத்தன் இருக்கான். என் வார்டைப் பத்தி என்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். தேர்தல்ல நில்லுடான்னு ஒருநாள் விளையாட்டாச் சொன்னேன். ஜெயிச்சா சோறு யார் போடுவாங்கன்னு கேட்டான். அப்போ சிரிச்சேன்."

"இப்போ நிக்கச் சொல்லுங்க ஐயா. நின்னு ஜெயிச்சா இங்கே வந்து உட்காரலாம். ஆனா உங்க வார்டுலதான் நிப்பார், பரவாயில்லையா?"

"நிக்கட்டும், பாத்துக்கறேன். அவனை நான் சும்மா விட்டுடுவேனா?" என்று மீசையைத் தடவினார். கண்ணில் தேர்தல் ஜுரம் இப்போதே ஏறியிருந்தது.

அக்கா வராந்தாவுக்கு வந்து சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டாள். "சார், பதவிக்காலம் முடியற வரைக்கும் சம்பளமில்லாத லீவு வேணும். என் டூல் பையைப் பத்திரமா வையுங்க. யாருக்கும் என் ஸ்பேனரைக் கொடுத்துடாதீங்க."

"ஜெயிச்சிட்டியா?" என்றார் அவர். மறுமுனையில் யாரோ கை தட்டுவது கேட்டது.

கீழே இறங்க எல்லோரும் ஒரே லிஃப்ட்டில் அடைந்துகொண்டார்கள். அவள், நாத்தனார், ஐயா, செயலர், பின்வரிசைக்காரர்கள், கடைசியாக நெருக்கிக்கொண்டு புன்னகை. மணி அடித்தது. கதவு மூடவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"யாராவது ஒருத்தர் வெளியே போய் நிக்கணும்" என்றாள் நாத்தனார், புன்னகையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மரக்கடை ஐயா சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னைக்கு நான் நின்னாச்சும்மா. இப்போ வேற யாராவது நில்லுங்க."