துறை விசயம்

ஆளுநர் செயலகத்தில் வேலைகளைப் பிரித்துப் புதிய அறிவித்தல் வந்திருந்தது. பொதுமக்களின் கோரிக்கைகள் கீழ்மாடியில் ஞானமணி மிஸ்ஸின் அலுவலகத்துக்கு. துறைசார் விடயங்கள் மேல்மாடியில் அபூதாஹிர் சேரின் அலுவலகத்துக்கு. வருகிறவர்களைக் கேட்டுப் பிரித்து அனுப்புவது வாசல் மேசையில் இருக்கும் பஹ்மியாவின் பொறுப்பு. அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தும் சரியாகப் பிரித்துவிடுவோம் என்ற நம்பிக்கை அவளுக்கு வரவில்லை.

அன்று ஆளுநர் மக்களைச் சந்திக்கும் நாள். மதியத்துக்குப் பிறகு அவர் கொழும்புக்குப் போய்விடுவார். சல்லிக் கிராமத்திலிருந்து கதிராமன் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"என்ன விசயமா வந்தீங்க, ஐயா?"

"துறை விசயமா வந்தனான், பிள்ளை."

பஹ்மியா யோசிக்காமல் படிக்கட்டைக் காட்டினாள். ஏறிப்போனவர் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார்.

"எந்தத் துறை எண்டு கேட்டாங்கள். சல்லித் துறை எண்டன். அப்பிடியொரு துறை மாகாணத்திலயே இல்லையாம். நான் அங்கதான் வள்ளம் கட்டுறனான்."

அவளுக்கு முகம் சுட்டது. கதிரையை இழுத்துப் போட்டு, விவரமாகக் கேட்டாள். துறையின் வாயை மணல் மூடிவிட்டது. வாடைக்காற்று தொடங்கினால் வள்ளங்கள் உள்ளே வர ஏலாது. போன வாடைக்கு அவருடைய மருமகனின் வள்ளம் வெளியே நின்றே கவிழ்ந்தது. ஆள் தப்பினது பெரிய காரியம்.

அவரை ஞானமணி மிஸ்ஸிடம் அழைத்துப் போனாள். அங்கே அபூதாஹிர் சேரும் நின்றார்.

"மீன்பிடி ஒரு துறைதானே?" என்றார் மிஸ். "அப்ப மேல."

"ஆள் கோரிக்கையோட வந்திருக்கிறார். அப்ப கீழ," என்றார் சேர். "மீன்பிடி எண்டு பார்த்தா பிள்ளை எங்கட பக்கம் அனுப்பினதும் சரிதான், ஆனா பிழையான காரணத்தால."

"சரியெண்டா வைச்சிருக்க வேண்டியதுதானே? ஏன் திருப்பி அனுப்பினீங்கள்?" என்றார் மிஸ்.

இருவரும் சிரித்தார்கள். கதிராமன் சிரிக்கவில்லை. அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் இவரை உள்ள ஆளுநரிட்ட கூட்டிப்போங்க," என்றாள் பஹ்மியா. "சேர் மீன்பிடி ஆக்களோட கதைங்க. பிறகு ஆருடையது எண்டு பிரிப்பம்."

தன் குரல் இவ்வளவு நேராக வந்தது அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஆனால் ஞானமணி மிஸ் எழும்பிவிட்டார். அபூதாஹிர் சேர் தொலைபேசியை எடுத்தார்.

ஆளுநரின் வாகனம் புறப்படுவதற்குள் கதிராமன் வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை பொறியியலாளர் ஒருவர் துறைக்கு வந்து பார்ப்பாராம்.

"வராட்டி ஆரைக் கேக்கிறது?"

மிஸ் சேரைப் பார்த்தார். சேர் மிஸ்ஸைப் பார்த்தார்.

"என்னைக் கேளுங்க," என்றாள் பஹ்மியா.

சொன்ன பிறகுதான், அதற்குத் தனக்கு அதிகாரம் உண்டா என்ற யோசனை வந்தது. அதற்குள் கதிராமன் கைபேசியை நீட்டிவிட்டார். அவள் தன் எண்ணை அதில் பதிந்து, சரிதானா என்று ஒருமுறை அழைத்தும் பார்த்தாள்.