சத்தம் நின்ற குடா

கூட்டமில்லாத கடற்கரைகளைத் தேடிப் பிடிப்பதில் சிவாஜினிக்கும் நாகலட்சுமிக்கும் ஒரு வெறியே இருந்தது. மாஸ்க்கை மாட்டி, ஸ்நார்க்கல் குழாயை வாயில் கவ்வி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மிதந்தபடி மீன் பார்ப்பதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு. ஆனால் மெல்பர்னைச் சுற்றி நல்ல இடம் என்று பெயரெடுத்த படகுத்துறைகளின் அடியிலெல்லாம் ஒருவர் காலில் மாட்டிய துடுப்பு இன்னொருவர் முகத்தில் அடிக்கும். அங்கே மீனை விட மனிதக் கால்கள்தான் அதிகம் தெரியும்.

ஆகவே அவர்கள் வார நாளில் லீவு எடுத்தார்கள். வடக்கிலிருந்து காற்று வீசும் காலையாகப் பார்த்துத் தெற்குக் கரைக்குப் போனார்கள், அப்போதுதான் அங்கே கடல் படிந்து கிடக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, கரும்பாசிக்கும் வெண்மணலுக்கும் நடுவில் கண்ணாடி போலத் தெரியும் நீலத் துண்டுகளைத் தேடுவது சிவாஜினியின் வேலை. வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்து விவரம் கறப்பது நாகலட்சுமியின் வேலை.

சிவாஜினி யாழ்ப்பாணத்தில் பிறந்து, மெல்பர்னின் கிளேட்டன் பகுதியில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவளாக வேலை பார்த்தாள். தன் வேலையைப் போலவே அவளும் அமைதியானவள். நாகலட்சுமி திருநெல்வேலிக்காரி. வெரிபீயில் வீடு, கணினி வேலை, ஓயாத வாய். முன்பின் தெரியாதவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், "ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லி வந்தவர்களுக்கு இட்லி அவித்துக் கொட்டியே அவள் கணவர் செந்தில்நாதனுக்கு இடுப்பு ஒடிந்துபோனது.

அந்தக் குடாவைச் சிவாஜினிதான் கண்டுபிடித்தாள். பிளிண்டர்ஸ் என்ற ஊரைத் தாண்டி, பெருங்கடலைப் பார்த்த பக்கம். படத்தில் நகக்கீறல் போல ஒரு வளைவு, அதன் வாயில் இரண்டு பாறைகள், நடுவே ஒரு இடைவெளி. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டார்கள். வண்டியை மேலே மண் தரிப்பிடத்தில் விட்டு, புதருக்குள் போன ஒற்றையடிப் பாதையில் குளிர் தாங்கும் வெட்சூட் உடையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கீழே ஒருவரும் இல்லை. மணலில் காலடி இல்லை. பறவையும் இல்லை.

"அடி ஆத்தி, நம்ம சொந்தக் கடல் மாதிரியில்ல இருக்கு!" என்றாள் நாகலட்சுமி.

பைகளை, தண்ணீருக்கு நன்றாக மேலே, ஒரு தட்டைப் பாறையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். குளிர் கழுத்து வழியாக வெட்சூட்டுக்குள் புகுந்து பிறகு உடம்புச் சூட்டில் அடங்கியது. முகத்தை உள்ளே வைத்ததும் சிவாஜினிக்கு வழக்கமான சத்தம் கேட்டது. பாறைக்கடலில் அந்தச் சத்தம் எப்போதும் உண்டு. பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு மீன்களை விட அதுதான் பிடிக்கும்.

பாசிக் காட்டைத் தாண்டி, இரண்டு பாறைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி நீந்தினார்கள். அங்கே சத்தம் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. கதவைச் சாத்தியதுபோல நின்றது. சிவாஜினி தினமும் ஒலி புகாத அறைக்குள் உட்காருபவள். அந்த அறையில்கூட நம் இரத்தம் ஓடுகிற சத்தமாவது நமக்குக் கேட்கும். இங்கே அதுவும் கேட்கவில்லை. குழாய் வழியாகத் தான் விடும் மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை.

காதில் தண்ணீர் அடைத்துவிட்டதோ என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் மீன்களைக் கவனித்தாள். கோடு போட்டவை, முள் வைத்தவை, பெரியவை, பொடியவை, எல்லாம் நீரில் அந்தந்த இடத்திலேயே நின்றன. ஒன்றும் நீந்தவில்லை. எல்லாமே ஒரே பக்கம் முகம் திருப்பி, பாறைகளின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அடியில் மணலில் கிடந்த திருக்கையும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. பெரிய மீனின் வாயருகே குஞ்சு நின்றது, இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யவில்லை.

சிவாஜினியும் பார்த்தாள். இடைவெளியில் பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. ஆனாலும் சத்தம் திரும்ப வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் அவள் கவனம் பாதிதான் அங்கே இருந்தது. அதுதான் தன்னைக் காப்பாற்றியது என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

நாகலட்சுமிக்குக் காட்டலாம் என்று திரும்பினாள். பக்கத்திலேயே அவள் மிதந்துகொண்டிருந்தாள். துடுப்புகள் அசையவில்லை. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. முகம் அந்த இடைவெளியைப் பார்த்தபடி, மீன்களோடு மீனாக.

தோளைத் தட்டினாள், அசைவில்லை. மாஸ்க்குக்கு முன்னால் கையை ஆட்டினாள். உள்ளே கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. சிவாஜினி அவளுடைய கையைப் பிடித்து, மல்லாந்து, கால் நோக நோக உதைத்துக் கரைக்கு இழுத்தாள். பாசியைத் தாண்டியதும் காதுக்குள் கடுகு வெடித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இடுப்பளவு தண்ணீரில் நாகலட்சுமி குழாயைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாள். "ஏன் சிவா இழுத்த? இப்பத்தான வந்தோம்."

"இப்பத்தானோ? கரையைப் பாரும்!"

தட்டைப் பாறை தண்ணீருக்குள் போயிருந்தது. அவர்களுடைய பைகள் நனைந்து உப்பி அலையில் ஆடிக்கொண்டிருந்தன. காலையில் கிழக்கே விட்டுவந்த சூரியன் மேற்கே சரிந்திருந்தது. சிவாஜினி தன் விரல்களைப் பார்த்தாள். வெளுத்து, தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது.

திரும்பும் வழி முழுவதும் நாகலட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகும் அவள் பேசவில்லை. கூப்பிட்டால் போனை எடுப்பாள், "நல்லா இருக்கேன் சிவா" என்பாள், வைத்துவிடுவாள். சில வாரங்கள் கழித்துச் செந்தில்நாதன் கூப்பிட்டார்.

"ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க. சாப்பிடறா, தூங்கறா, வேலைக்குப் போறா. டாக்டர்ட்டயும் காட்டியாச்சு, எல்லாம் நார்மல்தானாம். ஆனா வீடு... எப்படிச் சொல்றது, வீடு அமைதியா இருக்குங்க."

சிவாஜினி ஞாயிற்றுக்கிழமை பகலில் வெரிபீக்குப் போனாள். புதிய குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு; நாகலட்சுமியின் வீட்டைக் கண்டுபிடிக்க அவள் எப்போதும் திணறுவாள். அன்றைக்குத் திணறவில்லை. பின்வேலியிலும் கூரை ஓரத்திலும் மேக்பை பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி. ஒன்றும் பாடவில்லை.

வரவேற்பறையில் செந்தில்நாதனின் மீன்தொட்டி இருந்தது. தங்கமீன்கள் ஒரு பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நின்றன. நாகலட்சுமி சமையலறையிலிருந்து காப்பியோடு வந்து அறையைக் குறுக்கே கடந்தாள். மீன்கள் எல்லாம் ஒன்றாக, மெதுவாக, அவள் போன பக்கம் திரும்பின.

"பாத்தீங்களா? நாந்தான் தீனி போடறேன், ஆனா எல்லாம் அவளுக்கு ரசிகர் மன்றம்" என்று செந்தில்நாதன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார்.

சிவாஜினி நாகலட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது, தெருவில் போன காரின் சத்தம் நின்றது. எழுந்து இரண்டு அடி தள்ளி நின்றால் எல்லாம் கேட்டது. மறுபடியும் உட்கார்ந்தால் இல்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் சிவாஜினிக்குத் தோன்றியது. ஆனால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது அவள்தானே.

"நாகு, அண்டைக்கு நீர் என்னத்தைப் பாத்தனீர்?"

நாகலட்சுமியின் குரல் மட்டும் அந்த அமைதிக்குள் தெளிவாகக் கேட்டது. "ஒண்ணும் பாக்கல. ஆனா அங்க யாரோ இருந்தாங்க சிவா. எவ்வளவோ காலமா. எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க, ஒருத்தரும் பேசல. எனக்குப் பாவமா இருந்துச்சு. நீ இழுத்தப்ப விட்டுட்டு வர்றமேன்னு மனசு கேக்கல. வீட்டுக்கு வான்னு சொன்னேன்."

தொட்டியில் மீன்கள் அசையாமல் நின்றன.

"வாயால சொன்னனீரோ?"

"மனசுல. உனக்குத்தான் தெரியுமே, யாரைப் பாத்தாலும் சொல்லிடுவேன். அப்படித்தான் சொன்னேன். யாரும் நிஜமாவே வருவாங்கன்னு..." காப்பியைக் கீழே வைத்தாள். "அது கெட்டது இல்ல சிவா. ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கு. ஆனா அது இருக்கறப்ப வேற எதுக்கும் இடமில்ல. என் அம்மா போன்ல பேசறது எனக்குக் கேக்க மாட்டேங்குது."

சிவாஜினி அவளுடைய கையைப் பிடித்தாள். "கூட்டிக்கொண்டு வந்த நீர்தான் கொண்டுபோய் விடவேணும். நானும் வாறன்."

அடுத்த வடகாற்று நாளில் மூன்று பேரும் போனார்கள். செந்தில்நாதன் வண்டியை ஓட்டினார். பின் சீட்டில் நாகலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவாஜினிக்கு வழி முழுவதும் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. அவர் கரையில் நின்றுகொள்ள, இருவரும் கைகோத்தபடி இறங்கினார்கள்.

இந்த முறை குடா முழுவதும் மீன்கள் ஓடியாடிக்கொண்டிருந்தன. நாகலட்சுமி நெருங்க நெருங்க அவை நின்றன, திரும்பின, அவளைப் பார்த்தன. பாசிக்குள்ளிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் தலைகள் வெளியே வந்தன. சிவாஜினி அவற்றின் கண்களைப் பார்க்காமல், தான் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு நீந்தினாள்.

பாறைகளின் இடைவெளியில் இருவரும் தலையைத் தூக்கினார்கள். அலை இருந்தது, அலையின் சத்தம் இல்லை. நாகலட்சுமி குழாயை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரைப் பார்த்துப் பேசினாள்.

"இதான் உன் எடம். எங்க வீடு உனக்குச் சரிப்படாது. நான் தெரியாம கூப்பிட்டுட்டேன், மனசுல வச்சுக்காத. போயிட்டு வ..."

சிவாஜினி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "வா எண்டு சொல்லாத!" பதற்றத்தில் அவள் வழக்கமாகச் சொல்லும் 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. "போ எண்டு மட்டும் சொல்லு."

"எப்படிச் சிவா? வீட்டுக்கு வந்தவங்கள அப்படி யாராவது..."

"சொல்லு நாகு."

நாகலட்சுமியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வாழ்நாளில் யாரையும் அந்த ஒற்றை வார்த்தையால் அனுப்பாதவள். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். கண்ணீர் மாஸ்க்குக்குள் தேங்கியது.

"போ" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில், கோத்திருந்த கைகளின் மேலாக, ஒரு குளிர் நீரோட்டம் நிதானமாகக் கடந்து போனது. அது கடந்து முடிய நெடுநேரம் பிடித்தது. அவ்வளவு பெரியதா அது என்று சிவாஜினி நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கத் தைரியம் வரவில்லை. கீழே மீன்கள் நாகலட்சுமியை விட்டு மெல்லத் திரும்பி இடைவெளியைப் பார்க்கத் தொடங்கின.

"திரும்பிப் பாக்காத. உதை" என்றாள் சிவாஜினி.

பாசியைத் தாண்டியதும் அலை பாறையில் மோதுகிற சத்தம் கேட்டது. கரையில் செந்தில்நாதன் இவர்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ, தொண்டை கட்டிப்போயிருந்தது.

மேலே தரிப்பிடத்தில் நாகலட்சுமி துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொரகொரன்னு என்னங்க சத்தம்? தொண்டைக்கு ஏதாவது வாங்கித் தரவா?" என்று கணவரைக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அப்போது ஒரு சிறிய கார் வந்து நின்றது. இளம் ஆணும் பெண்ணும் மாஸ்க்கும் துடுப்புகளுமாக இறங்கினார்கள். கீழே எப்படி இருக்கிறது, கூட்டமில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"இன்றைக்கு வேண்டாம், நீரின் இழுவை பொல்லாதது. பிளிண்டர்ஸ் படகுத்துறைக்குப் போங்கள்" என்றாள் சிவாஜினி.

"அங்கே ஒரே சனம்" என்று அந்தப் பெண் மூக்கைச் சுருக்கினாள். ஆண் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னான். இருவரும் புதருக்குள் இறங்கிப் போனார்கள்.

செந்தில்நாதன் வண்டியைக் கிளப்பப் போனார். நாகலட்சுமி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். சிவாஜினி வண்டிக் கதவைத் திறந்து இறங்கி, பாதையின் தொடக்கத்தில் போய் நின்றாள். அந்த இருவரும் திரும்பி வருவதற்காக மூவரும் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தது. புதரின் நிழல் பாதையை மூடியது. சிவாஜினி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில், கீழே எங்கேயோ, யார் துண்டை நனைத்தது என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கிற சத்தம் ஏறி வந்தது. முதலில் சத்தம், அதன் பிறகு இரண்டு ஈரத் தலைகள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தன.