பூட்டிய கேள்வி

தலைக்கவசம் இரண்டாவது முறை இறங்கியபோதும் என் தங்கையின் கணவர் பேச்சை நிறுத்தவில்லை. "அனுப்புறதுக்குப் பேரு..." என்று ஆரம்பித்தார். மூன்றாவது அடி மூக்கை உடைத்துக்கொண்டு நேராக அந்த வாயிலேயே விழுந்தது. முன்பல் ஒன்று தெறித்து, நான் மடியில் வைத்திருந்த தேநீர்த் தட்டில் கிணுக்கென்று வந்து விழுந்தது. நான் இரும்புக் கடைக்காரன். பொருளைக் கண்டதும் எடை சொல்லிப் பழகிய கண். மாப்பிள்ளையின் முகம் கிழிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அந்தக் கண், ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ, மலிவுச் சரக்கு, உள்ளே பஞ்சு போய்விட்டது என்று தன் பாட்டுக்கு மதிப்புப் போட்டது. பஞ்சு இருந்தால் அடி இவ்வளவு கூராக விழாது.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடித்தவன் மீது அநியாயமாகக் கோபம் வரும். சாது. வீட்டில் கொசு அடிக்கவும் தங்கையைத்தான் கூப்பிடுவார். பகலெல்லாம் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வேலை. மிச்ச நேரமெல்லாம் நிரல் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நாட்டாமை. அங்கே அவருக்கு 'அகராதி' என்று பெயர், தானே வைத்துக்கொண்டது. ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னால் ஆதாரம் கேட்டே கொன்றுவிடுவார்.

அந்தக் குழுவை இரண்டொரு முறை அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சந்தையில் பிறந்து சந்தையில் வளர்ந்தவன் நான், தராசுத் தட்டைத் தூக்கி அடித்துக்கொண்டவர்களை எல்லாம் விலக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. எங்கள் சண்டையில் விலை படிந்ததும் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவோம். அங்கே விலையே கிடையாது. லைப்ரரியா ஃப்ரேம்வொர்க்கா என்று மூன்று வாரம் வெட்டிக்கொண்டார்கள். நாம் கூப்பிட்டால் வருவது லைப்ரரியாம், நம்மைக் கூப்பிட்டு வேலை வாங்குவது ஃப்ரேம்வொர்க்காம். "அப்ப கல்யாணம் எது மாப்பிள்ளை?" என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. அந்த மூன்றாவது வாரம் ஒருவன் பொறுக்கமாட்டாமல், "நேர்ல வந்தா உன் கைய ஒடிச்சிடுவேன்" என்று எழுதினான். அதற்கு மாப்பிள்ளை எழுதிய பதில்: "எந்தக் கை என்று குறிப்பிடவும்."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சொல் பிசகிக் கேட்ட கேள்வியை நாட்டாமைகள் பூட்டிவிடலாம். பூட்டிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது. கேட்டவன் திருத்தி எழுத வேண்டும், பூட்டியவர் வந்து திருப்திப்பட்டுத் திறக்க வேண்டும். மாப்பிள்ளை பூட்டுவதில் வேகம், திறப்பதில் நிதானம்.

வீட்டிலும் அதே கதைதான், சத்தம் மட்டும் குறைவு. என் தங்கையும் அதே தொழில்தான், அவரைவிடக் கெட்டிக்காரி என்று அவர் அலுவலகத்து ஆட்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து அவளே முடித்து நான் கேட்டு நாளாகிறது. "ஃப்ரிட்ஜ் ரிப்பேராயிடுச்சு அண்ணா" என்பாள். "ரிப்பேர்னா சரிபண்றது. கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்பார். கெட்டுப்போனது கெட்டபடியே நிற்கும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவள் பதில் சொல்வதை நிறுத்தி, கையில் இருக்கும் பிடிதுணியை மடிக்க ஆரம்பிப்பாள். மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பாள்.

அன்று மதியம் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிடும்போது தங்கை சொன்னாள், "அந்த அரைடிக்கெட் கேள்விய மாத்தி எழுதிட்டான். திறந்து விட்டுடுங்க, பாவம்." அரைடிக்கெட் என்பது குழுவில் ஒருவன் வைத்திருந்த பெயர். பார்சல் கம்பெனியில் வேலை. ஃபங்ஷன் ஒன்றுக்கு, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்துதரும் துண்டுக்கு, தான் அனுப்பும் பாராமீட்டர் உள்ளே போய் மாறிவிடுகிறது, மூட்டைகளின் முகவரியெல்லாம் குழம்புகிறது, வேலை போய்விடும்போல இருக்கிறது, உதவுங்கள் என்று கேட்டிருந்தான். அனுப்புவதை ஆர்க்யூமென்ட் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதே சங்கதி ஃபங்ஷனின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் பாராமீட்டராம். கொடுக்கிறவன் கையில் ஒரு பெயர், வாங்குகிறவன் கையில் வேறு பெயர். எங்கள் கடையிலும் அப்படித்தான், எனக்கு விற்பனை, உனக்குக் கொள்முதல். அதற்காக யாரும் கடையைப் பூட்டியதில்லை. மாப்பிள்ளை இரண்டு நாளைக்கு முன்பே 'கேள்வி புரியவில்லை' என்று எழுதிப் பூட்டியிருந்தார்.

"சொல்ல மட்டும் மாத்திருக்கான். புரிஞ்சு மாத்தல" என்றார் மாப்பிள்ளை.

"பதில் ஒரே வரிதானே. நகல் எடுத்து அத..."

"பதில் எத்தனை வரிங்கிறது இங்க பேச்சில்ல."

தங்கை எழுந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே போய், என்னம்மா அது என்று கேட்டேன். அவன் தன்னிடமிருந்த அசல் பட்டியலையே தூக்கி அனுப்புகிறான், வாங்குகிறவன் அதிலேயே கிறுக்கிவிடுகிறான், நகல் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது என்றாள். சாம்பிள் கேட்டவனிடம் மூட்டையையே கொடுத்து அனுப்பிய கதை. இதற்கா இரண்டு நாள்?

தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அழைப்புமணி அடித்தது.

கதவை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். பார்சல் கம்பெனிச் சட்டை, கையிடுக்கில் ஒரு பெட்டி, முழங்கையில் மாட்டிய ஹெல்மெட், இடது புருவத்தில் புதுப் பிளாஸ்திரி. குழுக்காரர்கள் மாப்பிள்ளையின் சேவையைப் பாராட்டி அனுப்பிய கீபோர்டு அது. மேலே அவருடைய சொந்தப் பெயர் இல்லை, 'அகராதி' என்றுதான் போட்டிருந்தது. அப்படித்தான் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தாராம்.

"இந்தப் பேரு நீங்கதானா சார்?"

"நானேதான்" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"நான்தான் சார் அரைடிக்கெட்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் ஒன்றரை டிக்கெட் தேறுவான். அவனும் லேசாகச் சிரித்தான், சிரித்ததும் பிளாஸ்திரி இழுத்து முகம் சுளித்தது. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா வேலை இல்லன்னுட்டாங்க சார். நேத்து முதலாளி பார்சல தூக்கி மூஞ்சிலயே அடிச்சிட்டாரு. லோடு ஏத்திக்கிட்டுக் கெடந்தவன் நான், நானாத்தான் கத்துக்கிட்டேன் இதெல்லாம். குடோன்ல இந்தப் பெட்டியில உங்க பேரப் பாத்ததும் சாமியே வந்த மாதிரி இருந்துச்சு சார். பூட்ட மட்டும் தெறந்து விட்டுருங்க."

தங்கை சமையலறை வாசலுக்கு வந்தாள். "அது ஒண்ணுமில்லப்பா. அனுப்பறதுக்கு முன்னாடி நீ..."

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். "இரு. அவர் கத்துக்கட்டும்." பிறகு அவனிடம், "அனுப்புறது என்ன?"

"ஆர்க்யூமென்ட் சார்."

"உள்ள வாங்குறது?"

"பாராமீட்டர் சார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். அவன் கண் தங்கையிடம் போனது. தங்கை துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சார், வித்தியாசத்த நாளைக்கு வந்து படிச்சுக்கறேன் சார். இன்னிக்கு மட்டும்..."

"வித்தியாசம் தெரியாம சொல்ல மாத்தறது திருத்தம் இல்ல, நடிப்பு" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தார். பாடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் அடி பிடரியில். கத்தரிக்கோல் எங்கோ போனது. திரும்பியதும் இரண்டாவது நெற்றியில், தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. மூன்றாவதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். தட்டை வீசிவிட்டு அவன் முதுகில் பாய்ந்தேன். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, என்னை ஒரு உதறு உதறினான். புத்தக அலமாரியில் போய் மோதி விழுந்தேன், தடித்தடியான நிரல் புத்தகங்கள் ஒவ்வொன்றாக என் மேல் இறங்கின. மாப்பிள்ளை தரையில் கிடந்தார். அவன் அவர் மார்பின் மேல் முழங்காலை ஊன்றி ஹெல்மெட்டை ஓங்கியபடி இருந்தான். அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது. நிற்கிற கை பேரத்துக்கு வரும், இது எனக்குக் கடை சொல்லிக் கொடுத்தது.

"தம்பி, நிறுத்து. என்ன வேணும் சொல்லு. பேசி முடிச்சிக்கலாம்."

"எனக்கு இப்ப பதில் வேணாம்ணே." மூச்சு வாங்கியது. "நான் கேட்டது இவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க. ரெண்டு நாளா புரியல புரியலன்னு எழுதறாரு. புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். போயிடறேன்."

என் வாழ்நாளில் இவ்வளவு மலிவாக ஒரு பேரம் அமைந்ததில்லை. வாயால் கொடுப்பதற்கு எங்கள் வம்சத்தில் யாரும் கணக்குப் பார்த்ததும் இல்லை. தவழ்ந்துபோய் மாப்பிள்ளையின் காதருகே, "புரிஞ்சுதுன்னு சொல்லித் தொலைங்க மாப்பிள்ளை, உங்க கால்ல வேணா விழறேன்" என்றேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். உதடு கிழிந்து தொங்கியது. வாயில் சேர்ந்திருந்த ரத்தத்தை ஒருமுறை விழுங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"தப்பா... கேட்ட கேள்வி... புரியாது."

ஹெல்மெட் உயர்ந்தது. அதற்குள் தங்கை வந்துவிட்டாள். அவனை ஒதுங்கச் சொல்லவில்லை, கத்தவில்லை. கணவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, மடித்த துணியை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். ரத்தத்தை நிறுத்துகிறாள் என்று நினைத்தேன். துணி சிவந்தது. அவள் இன்னும் அழுத்தினாள். உடைந்த மூக்கால் மூச்சு வராது என்பது யாருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் குதிகால்கள் தரையில் உதைத்துக்கொண்டன. அவர் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. அவள் இரண்டு கையாலும், உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வெகுநேரம் தேடிய ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு கவனம்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா!" ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவன்தான் அவள் கைகளைப் பிடித்தான். "அக்கா, விடுங்கக்கா, மூச்சு! அக்கா, செத்துருவாரு!" ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கடைசி விரல் விட்டதும் மாப்பிள்ளை ஊளையிட்டுக் காற்றை இழுத்தார். அந்த ஊளையில்தான் மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள், காவலாளி தடியோடு வந்தான்.

என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தரையில் ரத்தம், நடுவில் ஒரு முரட்டு ஆள், அவன் பிடியில் வீட்டுக்காரப் பெண்ணின் கைகள். இதற்குமேல் யாருக்கு விளக்கம் வேண்டும்? தடி முதலில் அவன் முழங்காலில் இறங்கியது. யாரோ கீபோர்டுப் பெட்டியாலேயே அடித்தார்கள். பிளாஸ்திரி பிய்ந்து பழைய காயம் திறந்தது. "வேணாம்பா, விடுங்கப்பா" என்று நான் கத்தியதை, பதறிப்போய் உளறுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் ஓர் அடியைக்கூடத் தடுக்கவில்லை, தலையை மட்டும் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மாப்பிள்ளையை அவன் அடித்ததைப்போல இரண்டு பங்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் போலீஸ் வந்து இழுத்துப் போனது. ஷூ வாசலிலேயே கிடந்தது.

ஆம்புலன்ஸ்காரர் மாப்பிள்ளையைத் தூக்கும்போது, "தலையில அடியா?" என்று கேட்டார்.

"நெத்தியில" என்றார் மாப்பிள்ளை. பிடரியில் விழுந்த முதல் அடி அவருக்கு நினைவில்லை.

மேல்வீட்டுக்காரர் கூடப் போனார். தங்கையைக் கூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி நான் நின்றேன். மாற்றுத் துணி எடுக்கிறேன் என்று உள்ளே போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால், மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் இன்னும் அந்தத் துணி. வலது கையால் மட்டும் தட்டினாள், விரல் பட்ட எழுத்துகளில் எல்லாம் சிவப்பு ஒட்டிக்கொண்டது. திரையில் பூட்டுப் படம் ஒன்று இருந்தது, ஒரு தட்டில் மறைந்தது. அதன் கீழே, 'அகராதி' என்ற பெயரில், அவள் எழுதினாள்: "நீங்கள் கேட்டது புரிந்தது. பட்டியலை நகல் எடுத்து, நகலை அனுப்புங்கள்."

ஒரு முறை படித்தாள். எதையும் மாற்றவில்லை. அனுப்பினாள்.

ஜன்னலில் வெயில் இன்னும் நல்ல மஞ்சளாகவே இருந்தது, சாயங்காலத்துக்கு நேரமிருந்தது. கூடத்தில் ஏதோ உறுமியது. போய்க் குனிந்து பார்த்தேன். சோபாவுக்கு அடியில் அவனுடைய கைபேசி, கண்ணாடி முழுக்கக் கீறல், கீறலுக்குள் வெளிச்சம், வெளிச்சத்தில் 'அகராதி' என்ற பெயர். ஒவ்வொரு உறுமலுக்கும் அது தரையில் ஒரு நகம் அளவு முன்னால் நகர்ந்தது. காயாத ரத்தத்தின் ஓரம் வரை வந்து, அதைத் தொடாமல், மெல்லத் திரும்பி வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தபடி நின்றது.