இருபத்தெட்டு கிராம் ஈரம்

காலை ஆறு மணிக்குத் தராசம்மா சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அக்குள் தையலைத் தொட்டாள். அதுவும் ஈரம். கொடியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசை மேலிருந்த சின்னத் தராசில் மடித்து வைத்தாள். 214 என்று காட்டியது. நன்றாகக் காய்ந்திருந்தால் அந்தச் சட்டை 186 கிராம்தான். மீதி இருபத்தெட்டும் தண்ணீர். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் ஒரு மனுஷியை இந்தப் பாடு படுத்தியது.

இது நான்காவது தடவை. இதற்கு முன் இதே சட்டை, இதே அறையில், இதே கொடியில் பதினொரு இரவுகள் தொங்கி, பதினொரு காலையும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அதற்கு எழுத்துச் சாட்சியே இருந்தது. பச்சை அட்டை போட்ட நோட்டில், அண்ணியின் சாய்ந்த கையெழுத்தில், "மாலை ஏழு மணி துவைத்தது. துண்டில் சுருட்டிப் பிழிந்தது. காலை ஆறு மணி காய்ந்தது" என்று பதினொரு வரிகள். பன்னிரண்டாவது வரி எழுத அண்ணி இல்லை.

தராசம்மா கடைகளின் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்ப்பவள். ஒரு கிலோ என்று காட்டுவது உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அலுவலகத்தில் தராசம்மா என்றார்கள். அண்ணிக்கு அவ்வளவு மரியாதையெல்லாம் வராது. வெறும் தராசு. "ஏய் தராசு, காபிக்குச் சர்க்கரையை எடுத்துக் கொட்டு, எண்ணிப் போடாத" என்பாள்.

அண்ணியோ பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எந்த நிமிஷம் எங்கே இருக்க வேண்டும் என்பது அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருடம் முகம் சுளிக்காமல் இருந்தார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். சுளிக்காமல் இல்லை. சுளித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள். கீழ்த்தளத்தில் அண்ணனும் அண்ணியும், மாடியில் கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்ட தராசம்மா. ஐரோப்பாவுக்குப் பதினான்கு நாள் சுற்றுலா என்று விளம்பரத்தைப் பார்த்ததும் அண்ணிதான் மாடிக்கு ஓடி வந்தாள்.

"உங்க அண்ணன் வரமாட்டாராம். பஸ்ல உக்காந்தா முதுகு போயிடுமாம். நல்லதாப் போச்சு, நாம ரெண்டு பேரும் போவோம்."

சுற்றுலாக் கம்பெனியின் விதிதான் எல்லாவற்றுக்கும் காரணம். பதினான்கு நாளில் ஒன்பது ஓட்டல். பாதி ஓட்டல்களில் லிப்ட் கிடையாது. பையைத் தூக்க ஆளும் கிடையாது. அதனால் ஆளுக்கு ஒரே பை, ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடாது. காலிப் பையே இரண்டு கிலோ. குளிர் உடுப்பு, மருந்து, செருப்பு என்று போட்டதும் துணிக்கு மிஞ்சியது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் மூன்று செட் அடங்கும், நான்காவது அடங்காது. மூன்று செட்டில் பதினான்கு நாள் ஓட்ட வேண்டுமானால் அன்றன்று போட்டதை அன்றன்றே ஓட்டல் குளியலறையில் துவைக்க வேண்டும். ஈரத்தோடு பையில் மடித்து வைக்க முடியாது என்பதால் அது காலைக்குள் காய்ந்தே ஆக வேண்டும். ஆக, அந்தப் பயணம் முழுவதும் ஒரு சட்டை பதினோரு மணி நேரத்தில் காய்வதில் போய் நின்றது.

"ஏழு மணிக்கு பஸ் கிளம்பிடும்" என்று அண்ணி எச்சரிப்பாள். "ஈரச் சட்டையோட ஏறினேன்னு வெச்சுக்கோ, வழிகாட்டி உன்னையே ஜன்னலுக்கு வெளிய காயப் போட்டுடுவான்."

"போடட்டும் அண்ணி. ஊரையாவது நல்லாப் பாப்பேன்."

அப்படித்தான் சனிக்கிழமை ஒத்திகைகள் தொடங்கின. ஜன்னல்களை ஓட்டல் அறை போலச் சாத்திவிட்டு, குளியலறையில் துவைத்து, அறைக்குள் கொடி கட்டிக் காயப் போட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வந்தது. தராசம்மா ஈரச் சட்டையை நிறுத்துப் பார்க்கலாம் என்றாள். "உன் ஆபீசை வாசல்லயே விட்டுட்டு வா" என்று அண்ணி தராசைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். "காஞ்சுதா, காயலையா? அவ்வளவுதான் கேள்வி."

ஏழு வாரத்துக்கு முன்பு, பல் வைத்தியரின் அறை வாசலில், தன் முறைக்குக் காத்திருந்த நாற்காலியிலேயே அண்ணியின் இதயம் நின்றுவிட்டது. கையில் இருந்த சீட்டில் எண் பன்னிரண்டு. பன்னிரண்டு என்று இரண்டு தடவை கூப்பிட்டார்களாம்.

இப்போது தராசு அலமாரிக்கு மேலிருந்து இறங்கி வந்துவிட்டது. சட்டைதான் காயவில்லை.

அலுவலகத்தில் ஒரு கருவி தப்பாகக் காட்டினால் என்ன செய்வாளோ அதையே தராசம்மா செய்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முதலில் சோப்பை மாற்றினாள். காயவில்லை. கொடியைக் கதவுப் பக்கம் மாற்றினாள். காயவில்லை. அகலமான ஹேங்கரில், துணியின் இரு பக்கமும் ஒட்டாதபடி தொங்கவிட்டாள். காயவில்லை. வானிலைதான் காரணமோ என்று பழைய நாட்களின் ஈரப்பதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பதினொன்றில் நாலு நாள் இன்றையதைவிட மோசம். அன்றைக்கும் காய்ந்திருக்கிறது.

எடைகள் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லின. மாலையில் தொங்கவிடும்போது 279. காலையில் 214. நான்கு தடவையும் இரண்டொரு கிராம் முன்னே பின்னே இதேதான். அந்த மூடின அறை ஒரு இரவில் அறுபத்தைந்து கிராம் தண்ணீரைக் குடிக்கும். அதற்கு மேல் குடிக்காது. அப்படியானால் அறையின் மேல் குற்றமில்லை. முன்பெல்லாம் தொங்கவிடும்போதே தண்ணீர் குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நோட்டில் நேரம் உண்டு, எடை கிடையாது.

"ஒரு தடவையாவது நிறுக்க விட்டிருக்கலாமே அண்ணி" என்று கொடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அன்று புதன். சாயங்காலம் அவள் துவைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் படியேறி வந்தார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். எதையும் மெல்லத்தான் எடுப்பார், மெல்லத்தான் வைப்பார். அண்ணியின் போனை மேசையில் அப்படி வைத்தார்.

"அவ போன் அடிச்சுது."

தராசம்மா சோப்புக் கையோடு வெளியே வந்தாள்.

"டூர் கம்பெனிக்காரப் பொண்ணு. அவ நம்பர்லதானே பதிவு பண்ணியிருக்கீங்க. 'மேடம் இருக்காங்களா'ன்னு கேட்டா." அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இல்லைன்னு சொன்னேன். 'எப்போ வருவாங்க'ன்னு கேட்டா."

"நீ வர்றியா இல்லையான்னு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம். காத்திட்டிருக்கறவங்களுக்கு இடத்தைக் குடுக்கணுமாம். என்னம்மா சொல்லட்டும்?"

"சட்டை காயமாட்டேங்குது அண்ணா."

"என்னது?"

அவள் சொன்னாள். ஏழு கிலோ, மூன்று செட், பதினோரு மணி நேரம், அறுபத்தைந்து கிராம். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"அவ பையில இடம் இருந்தா இன்னும் ரெண்டு துணி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அவ பை அப்படியே இருக்கு. கட்டிலுக்குப் பக்கத்துல. நான் பிரிக்கல."

"ஆறு கிலோ தொள்ளாயிரம்" என்றாள் தராசம்மா. "நான்தான் நிறுத்தேன். அதுக்கு மட்டும் விட்டாங்க."

"உன்ன கிண்டல் பண்ணலேன்னா அவளுக்குச் சாப்பாடு இறங்காது."

அவள் குளியலறைக்குத் திரும்பி, துண்டை விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, பாய் மாதிரிச் சுருட்டினாள். இதுதான் முறை. காய்ந்த துண்டு ஈரச் சட்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அழுத்த அழுத்த அதிகம் உறிஞ்சும். சுருளின் இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடித்து முறுக்கினாள். மூன்று முறுக்குக்கு மேல் மணிக்கட்டு திரும்பவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "இப்படியா பிழிவாங்க? கொண்டா இங்க" என்று ஒரு நுனியை வாங்கிக்கொண்டார். "உன் பக்கத்தைக் கெட்டியாப் பிடி. விட்டுடாத."

அவர் பின்னால் நகர்ந்து இழுத்து முறுக்கினார். நான்கு, ஐந்து, ஆறு. சுருள் நடுவில் மடிந்து முண்டு கட்டிக்கொண்டது. துண்டிலிருந்தே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

தராசம்மா தன் கையிலிருந்த நுனியைப் பார்த்தாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணி "பிடி" என்பாள். இவள் பிடிப்பாள். அண்ணி முறுக்கிக்கொண்டே டெப்போவில் யாருக்கு யாரோடு சண்டை, எந்த டிரைவர் வண்டியைக் கிளப்ப மறந்து தூங்கினான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சிரித்துச் சிரித்து இவள் கை நழுவும். "சிரிக்கறதை அப்புறம் வெச்சுக்கோ, பிடிடீ" என்று அதட்டுவாள். அது ஒரு வேலை என்றே இவளுக்குத் தோன்றியதில்லை. பேசிக்கொண்டிருந்த நேரம் என்றுதான் ஞாபகத்தில் இருந்தது. சோப்பை மாற்றிப் பார்த்தாள், கொடியை மாற்றிப் பார்த்தாள், ஊர் வானிலையையே புரட்டிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் கருவிகளைச் சோதித்தவள், இரண்டு பேர் செய்த சோதனையை ஒரே ஆள் திரும்பச் செய்கிறோம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. நோட்டிலும் அது இல்லை. "பிழிந்தது" என்று இருந்ததே தவிர, எத்தனை பேர் என்று எழுத அண்ணிக்கும் தோன்றவில்லை.

சட்டையை உதறித் தராசில் வைத்தாள். 251. அறுபத்தைந்து போனால் 186. மிச்சம் எதுவும் இல்லை.

"என்ன சொல்லுது?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேர் வேணும்னு சொல்லுது."

அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் ஆக வேண்டிய காரியங்களைப் பார்த்துக்கொண்டு ஓடியவள், ஏழு வாரமும் வாய்விட்டு அழாதவள், ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் பக்கத்தில் நின்றார். தலையைத் தடவவும் தெரியாமல், போகவும் தெரியாமல், அவருடைய நுனியை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்றார் கடைசியில்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டையைக் கொடியில் தொங்கவிட்டாள். அவர் கீழே போன பிறகு அவளுக்கே ஒன்று புரிந்தது. நான்கு தடவை சட்டை காயாதபோது எரிச்சலுக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணி, சட்டை காயவில்லை, நான் என்ன செய்ய? அண்ணி கேட்டால் சொல்ல நல்ல காரணம். அண்ணி கேட்கப்போவதில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்த ஓட்டை.

வியாழக்கிழமை காலை சட்டை காய்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டே ஆபீசுக்குப் போனாள். அன்று ஒரு தானியக் கிடங்கில் பெரிய தொங்கு தராசைச் சோதிக்க வேண்டியிருந்தது. மூட்டை கீழே இழுக்க, உத்திரத்தில் அடித்த இரும்புக் கொக்கி மேலே இழுக்கிறது. இழுக்கிறது என்று சொல்வதுகூடத் தப்பு. கொக்கி எதுவும் செய்வதில்லை. விடாமல் இருக்கிறது. மூட்டையின் கனம் முழுவதும் அந்த விடாமல் இருப்பதில்தான் நிற்கிறது. ஆயிரம் தடவை பார்த்த விஷயம். அன்றைக்கு அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றதில், கிடங்குக்காரர் தன் தராசில் ஏதோ கோளாறு என்று பதறிவிட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. சரியாத்தான் இருக்கு" என்றாள்.

முறுக்குவதிலும் அதே கணக்குதான். ஒருவர் முறுக்கினால் போதும். மற்றவர் முறுக்க வேண்டியதே இல்லை. அவர் வேலை, விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. சனிக்கிழமைகளில் அந்த வேலையைச் செய்தது இவள்தான்.

வியாழன் சாயங்காலம் குளியலறையில் துண்டு மாட்டும் கம்பியில் ஒரு நுனியைக் கட்டி முறுக்கிப் பார்த்தாள். கம்பி சுவரிலிருந்து ஒரு விரற்கடை பெயர்ந்து வந்தது. ஓட்டல்காரன் சும்மா விடமாட்டான். குழாயில் மாட்டினாள், வழுக்கியது. மூன்றாவதாகத்தான் கதவின் கைப்பிடி கண்ணில் பட்டது. எந்த ஊர் ஓட்டலிலும் கதவு இருக்கும், கதவுக்குக் கைப்பிடி இருக்கும். பிழிந்து முடித்து நிறுத்தாள். 253.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு 188. இரண்டு கிராம் ஈரம் கையிலும் தெரியாது, உடம்பிலும் தெரியாது. கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் சட்டையைக் கொடுத்தாள். அவர் காலரைத் தொட்டார், அக்குளைத் தொட்டார், பிறகு சட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"யார் பிடிச்சா?"

"கதவு."

"கதவு பேச்சுக் குடுக்காதே" என்றார்.

"குடுக்காது."

ஒன்பது மணிக்கு அண்ணியின் போனிலிருந்தே கூப்பிட்டு, ஒரு ஆள் வருகிறேன், ஒரு ஆள் இறந்துவிட்டார் என்று சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள், பிறகு பாஸ்போர்ட் எண் கேட்டாள். பேசி முடித்ததும் தராசம்மா பச்சை நோட்டை எடுத்து, பதினோராவது வரிக்குக் கீழே, தன் நேரான கையெழுத்தில் எழுதினாள்:

ஒரு ஆள் இருந்தால்: சட்டையை நீளத் துண்டில் வைத்துச் சுருட்டவும். சுருளைச் சாத்திய கதவின் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு நுனியையும் முன்னால் சேர்த்துப் பிடிக்கவும். உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தபடி ஒரே பக்கமாக ஆறு முறுக்கு. நூறு எண்ணும்வரை விடக் கூடாது. காலையில் காய்ந்துவிடும்.